தராசும் கடனும்: இஸ்தான்புல் பருவநிலைப் பிரகடனம் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாய வருபவன் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அந்நூல் யாரை நோக்கிப் பேசுகிறது? எதனைச் சான்றாகக் கொள்கிறது? தான் எடுத்தாண்ட சொல்லுக்கு அது இறுதிவரை உண்மையாக நிற்கிறதா? காப்பியத்துக்கும் கவிதைக்கும் பொருந்தும் இக்கேள்விகள், அறிஞர் பலர் கூடி உலகத்தார் முன் வைக்கும் அறிக்கைக்கும் பொருந்தும். அறிக்கையும் ஓர் இலக்கிய வகையே. அதற்கும் நடையுண்டு, அமைப்புண்டு, நிறையும் குறையும் உண்டு.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பல நாட்டு முஸ்லிம் அறிஞர்களும் பொதுப்பணியாளர்களும் கூடினார்கள். அங்கு வெளியிடப்பட்டதுதான் 'உலகப் பருவநிலை மாற்றம் பற்றிய இஸ்லாமியப் பிரகடனம்'. அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் நடைபெறவிருந்த உலக நாடுகளின் மாநாட்டுக்கு முஸ்லிம்களின் குரலும் சென்று சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். இம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவரான ஃபஸ்லுன் காலித், இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் குடியேறியவர் என்பது நம் வாசகர்கள் அறியத்தக்க செய்தி.

அண்மையில் இப்பிரகடனத்தை எங்கள் மதரஸாவின் மேல் வகுப்பு மாணவர்களோடு அமர்ந்து வாசித்தேன். அரபு வாசகங்களை அவர்கள் எளிதில் இனங்கண்டார்கள். வாசித்து முடித்ததும் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், இதில் ஆயத்துகள் இருக்கின்றன. ஹுக்மு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. அம்மாணவருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

பிரகடனம் கூறுவது என்ன?

பிரகடனம் முகவுரை, உறுதிமொழி, அழைப்பு என மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. முகவுரை அறிவியலைப் பேசுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் அடங்கிக் கிடந்த கரியை நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் தோண்டியெடுத்து, ஒன்றிரண்டு நூற்றாண்டுகளுக்குள் எரித்து வானில் கலந்துவிட்டோம். இன்றைய செழிப்பைத் தந்த அதே எரிபொருள்கள்தாம் பருவநிலை மாற்றத்துக்கும் முதற்காரணம் என்று அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது.

இதன் இயக்கத்தை நம் இல்லத்தார் விளங்கிக்கொள்வது கடினமன்று. கதிரவனின் ஒளி பூமியைச் சூடாக்குகிறது. பூமி அச்சூட்டைத் திரும்ப வானுக்கு அனுப்புகிறது. வளிமண்டலத்திலுள்ள கரியமில வாயு அதில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. அளவோடிருக்கும்வரை இஃது ஓர் அருட்கொடை. இந்தப் போர்வை இல்லையேல் பூமி உறைந்து போயிருக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்கு அளவே இருந்த கரியமில வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தின் சராசரியைவிட 2024ஆம் ஆண்டு ஏறத்தாழ 1.55 செல்சியஸ் வெப்பம் மிகுந்திருந்தது என உலக வானிலை அமைப்பு கணித்துள்ளது. 1901க்கும் 2018க்கும் இடையில் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது.

உறுதிமொழிப் பகுதி இறைமறையின் சொற்களைக் கொண்டு கட்டப்பட்டது. மீஸான், ஃபித்ரத், ஃபஸாத், கலீபா ஆகிய நான்கு சொற்களும் அறிக்கையின் நான்கு தூண்கள். அழைப்புப் பகுதியோ உலகத்தாரை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையாரிடமும் சில கோரிக்கைகளை வைக்கிறது. செல்வ நாடுகளும் எண்ணெய் வள நாடுகளும் இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தங்கள் வாயு வெளியேற்றத்தை முற்றாக நிறுத்த முன்வர வேண்டும். வெப்ப உயர்வு 2 பாகைக்குள், கூடுமானால் 1.5 பாகைக்குள் நிற்க வேண்டும். எல்லையுள்ள ஒரு பூமியில் எல்லையற்ற பொருளாதார வளர்ச்சியைத் துரத்துவது நிலைக்காது என்பதை அனைவரும் உணர வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை.

எண்ணெய் வள நாடுகள் எனப் பெயர் சுட்டிக் கூறியது துணிவான செயல். முஸ்லிம் உலகின் செல்வமும் செல்வாக்கும் எங்கே குவிந்திருக்கின்றன என்பதை அறிந்தும், கூடியிருந்தோர் அச்சொல்லை விழுங்கிவிடவில்லை. இதற்காகவே இப்பிரகடனம் மதிக்கத்தக்கது.

அழகு எங்கே இருக்கிறது?

என் கணிப்பில், இப்பிரகடனத்தின் மிகச் சிறந்த பகுதி உறுதிமொழியின் இறுதியில் வரும் பட்டியல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து எடுத்த நிகழ்ச்சிகள் அதில் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. ஒளூச் செய்யும்போதும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பணித்தது. பாலைவன மரங்களை வெட்டத் தடுத்தது. கூட்டிலிருந்து எடுத்த குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமே திருப்பிவிடச் சொன்னது. எறும்புப் புற்றின் மீது மூட்டிய நெருப்பை அணைக்கக் கட்டளையிட்டது. மக்காவையும் மதீனாவையும் சூழ்ந்த நிலங்களைப் புனித எல்லையாக்கியது. மேய்ச்சல் நிலங்களுக்கு 'ஹிமா' என்னும் காப்பு எல்லை வகுத்தது. தம் உடைமைகளைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தியது எனத் தொடர்கிறது அவ்வரிசை.

இங்கு அறிக்கையின் நடை மாறுகிறது. அதுவரை 'மனித குலம்', 'புவிக்கோளம்', 'ஒத்துழைப்பு' என்று விண்ணிலிருந்து பேசிய குரல், திடீரென்று தரைக்கு இறங்கிவிடுகிறது. குஞ்சும் கூடும் எறும்பும் கண்முன் வருகின்றன. அடைமொழிகள் இல்லை, விளக்கவுரை இல்லை. எறும்புப் புற்றின் நெருப்பைப் படிக்கும் எவருக்கும், இன்று எந்தப் புற்றின் மீது யார் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள் என்பதை மற்றவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிக்கை முழுவதும் இந்நடையில் அமைந்திருந்தால் அதன் வாழ்வு வேறாக இருந்திருக்கும்.

ஃபஸாத் என்னும் சொல்

அறிக்கையின் முதற் குறை அதன் சான்று முறையில் இருக்கிறது. மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதன் விளைவாகத் தரையிலும் கடலிலும் ஃபஸாத் தோன்றிவிட்டது என்ற கருத்தமைந்த அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை அது எடுத்தாள்கிறது. பருவநிலை பற்றி எந்த மேடையில் யார் பேசினாலும் இன்று இவ்வசனம் ஓதப்படுகிறது. கரியமில வாயுவைப் பற்றிய முன்னறிவிப்பே இது என்று சொல்லும் பேச்சாளர்களும் உண்டு.

ஆனால் முன்னோரின் தஃப்ஸீர்களைப் புரட்டுவோர் அங்கே காண்பது வேறு. இவ்வசனத்திலுள்ள தரை என்பதை மக்கள் வாழாத வெளி நிலமென்றும், கடல் என்பதை நீர்நிலையை ஒட்டிய ஊர்களும் நகரங்களும் என்றும் பொருள் கொண்டோர் உண்டு என இப்னு கதீர் (ரஹ்) எடுத்துரைக்கிறார். கடல் என்றால் கடலே என்றோரும் உண்டு. தரையின் ஃபஸாத் ஆதமுடைய மகன் தன் உடன்பிறந்தானைக் கொன்றது. கடலின் ஃபஸாத் ஓர் அரசன் கப்பல்களை அபகரித்தது என்பது முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கம். மழை பொய்த்தலையும் விளைச்சல் குன்றலையும் கூறியோரும் பலர்.

இவ்விளக்கங்களை எடுத்துக்காட்டுவது, வசனத்தைப் பருவநிலையோடு பொருத்துவது தவறென்று சாதிப்பதற்காக அன்று. முஜாஹிதின் விளக்கத்தை அறிக்கை எழுதியோர் எண்ணிப் பார்த்திருந்தால், அவர்கள் கையில் இன்னும் கூர்மையான கருவி கிடைத்திருக்கும். கொலையும் அபகரிப்பும் அவருடைய உதாரணங்கள். இரண்டிலும் செய்தவன் ஒருவன்; பாதிக்கப்பட்டவன் வேறொருவன். அறிக்கையோ 'மனிதர்களாகிய நாம்' என்று அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஃபஸாதின் பழியைச் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. மின்விளக்கையே காணாத சிற்றூர்க் கிழவியும் அந்த 'நாம்' என்பதற்குள் அடங்கிவிடுகிறாள். இது நீதியன்று.

கலீபா என்னும் சொல்

மனிதன் பூமியின் 'கலீபா' என்பதற்குப் பராமரிப்பாளன், பொறுப்பாளன் என்று அறிக்கை பொருள் கொள்கிறது. இக்காலத்தில் இப்பொருளே பரவலாக வழங்குகிறது. ஆயினும் அல்பகரா அத்தியாயத்தின் 30ஆம் வசனத்துக்கு இப்னு கதீர் தரும் விளக்கத்தில், தலைமுறை தலைமுறையாக ஒருவர் பின் ஒருவராக வருவோர் என்னும் பொருளே முதன்மை பெறுகிறது. சொல்லின் வேரும் 'பின்னால் வருதல்' என்பதையே காட்டும்.

முன்னோர் தந்த இப்பொருள் நம் காரியத்துக்கு மேலும் உதவுவதாகும். பராமரிப்பாளன் என்று தன்னைக் கருதுபவனுக்குச் சிறிது அதிகாரச் செருக்கும் வந்துவிடுகிறது. பின்வருபவன் என்று கருதுபவனோ இரு பக்கமும் பார்க்க வேண்டியவனாகிறான். தனக்கு முன் இருந்தவரிடமிருந்து அவன் ஒரு வீட்டைப் பெற்றான். தனக்குப் பின் வருபவரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். எளிய தமிழில் சொன்னால், அவன் ஒரு வாரிசு. வாரிசு என்றவுடன் நம் சட்டக்கலையில் ஒரு பெரிய வாயில் திறக்கிறது. அதன் பெயர் மீராஸ்.

தாராளமா, கடனா?

மீராஸின் ஒழுங்கை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. ஒருவர் இறந்தால் முதலில் அவருடைய கஃபன், தஃபன் செலவு. அடுத்து அவர் பட்ட கடன். அதன் பின் மரண சாசனம். இம்மூன்றும் போக எஞ்சியதே வாரிசுகளின் பங்கு. தகப்பனாரின் கடனைத் தீர்க்காமல் தோப்பைப் பங்கு வைத்துக்கொண்ட பிள்ளைகளை ஊர் எப்படிப் பேசும் என்பதும் நமக்குத் தெரியும். அதே வேளை, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மேல் வாரிசுகளைக் கட்டாயப்படுத்தவும் நம் சட்டம் இடந்தருவதில்லை.

இவ்வொழுங்கைக் கையில் வைத்துக்கொண்டு அறிக்கையின் அழைப்புப் பகுதியை வாசித்தால், ஒரு சொல் முள்ளாகக் குத்துகிறது. செல்வ நாடுகள் வறிய நாடுகளுக்குப் பொருளாலும் தொழில் நுட்பத்தாலும் 'தாராளமாக' உதவ வேண்டும் என்கிறது அறிக்கை. தாராளம் என்பது ஸதக்காவின் சொல். தைன் என்னும் கடனுக்குரிய சொல்லன்று. கடன்பட்டவன் கொடுக்கும்போது அதற்குத் தாராளம் என்று பெயரிடுவார் இல்லை. கொடுக்காதபோது அவனைக் கருமி என்றும் சொல்வதில்லை. அவனுக்கு வேறு பெயர் உண்டு.

கரியமில வாயு எரித்தவுடன் மறைந்துவிடும் புகையன்று. அதன் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் வானில் தங்கும். பாட்டனார் தொழிற்சாலையில் எரித்தது பேரனின் தலைமேல் இன்றும் நிற்கிறது. இதுவரை மனிதர் எரித்து வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. ஐரோப்பிய நாடுகளின் பங்கும் அதனை நெருங்கி வருகிறது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்கினர் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு. பாட்டனார்கள் எழுப்பிய பாலங்களும் பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் பேரர்களிடம் இருக்கின்றன. சொத்து இருக்கிறது, ஆகவே கடனும் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்புரை உண்டு. தீங்கு விளையும் என்று பாட்டனாருக்குத் தெரியாதே என்பார்கள். இம்மறுப்புக்கும் நம் சட்டக்கலையில் விடை இருக்கிறது. வியப்பு என்னவெனில், அவ்விடை தொகுக்கப்பட்டதும் இதே இஸ்தான்புல் நகரில்தான். 1869க்கும் 1876க்கும் இடையில் உதுமானியப் பேரரசு ஹனஃபீ சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பை வெளியிட்டது. தீங்கு செய்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடா என்பது அதன் 19ஆம் விதியின் கருத்து. நிகழ்ந்துவிட்ட தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது 20ஆம் விதி. ஆதாயத்தை அனுபவிப்பவனே இழப்பையும் சுமக்க வேண்டும் என்பது 87ஆம் விதி. நேரடியாகத் தீங்கிழைத்தவன் எண்ணிச் செய்யாவிடினும் ஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்பது 92ஆம் விதி. தீங்கை அகற்றும் நெறி ஷாபிஈ மத்ஹபினருக்கும் பொதுவானது. இமாம் ஸுயூத்தீ (ரஹ்) தம் 'அல் அஷ்பாஹ் வந்நழாயிர்' நூலில் அதனை ஐம்பெரும் நெறிகளுள் ஒன்றாக வைத்துள்ளார்கள்.

நுணுகி ஆராயும் மாணவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். புகையை வெளியேற்றியவன் நேரடியாகத் தீங்கு செய்த 'முபாஷிர்' அல்லன். காரணமாக இருந்த 'முதஸப்பிப்' மட்டுமே. அத்தகையவன் வேண்டுமென்றே செய்தாலன்றி ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது 93ஆம் விதி. நல்ல தடை. அதனை ஏற்றுக்கொண்டே பார்ப்போம். கரியமில வாயு மிகுந்தால் பூமி சூடேறும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டுக் காட்டினார். 1992இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் பருவநிலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதன் பின்னர் அறியாமையைச் சொல்லி எவரும் தப்ப முடியாது. இதுவரை எரிபொருள்களால் வெளியேறிய கரியமில வாயுவில் பாதிக்கு மேற்பட்டது 1990க்குப் பின்னரே வெளியேறியது. ஆக, 93ஆம் விதியின் இறுக்கமான அளவுகோலைக் கொண்டு அளந்தாலும் பாதிக் கடன் அப்படியே நிற்கிறது.

இஸ்தான்புல்லில் கூடியோர் அந்நகரின் மஜல்லாவைத் திறந்து பார்த்திருந்தால், 'தாராளம்' என்னும் சொல் அங்கே நின்றிராது. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. அதே 2015 டிசம்பரில் பாரிஸ் மாநாட்டுத் தீர்மானத்தின் 51ஆம் பத்தியில், இழப்பையும் சேதத்தையும் பற்றிய உடன்பாட்டு விதி எவருக்கும் பொறுப்பையோ ஈட்டுத் தொகையையோ சுமத்த அடிப்படையாகாது என்று எழுதி வைத்தார்கள். கடன் என்னும் சொல் நுழைந்துவிடாதபடி கதவைச் சாத்தியவர்கள், அச்சொல்லின் வலிமையை நம்மினும் நன்கு அறிந்திருந்தார்கள். ஈடு என்பதை நாற்புறமும் ஆராய்ந்து வைத்த ஒரு சட்டக்கலையின் வாரிசுகள், அக்கதவைத் தட்டும் வாய்ப்பை நழுவவிட்டோம்.

எடைக்கற்கள்

அறிக்கை தன் முதன்மைச் சொல்லாக மீஸானை எடுத்துக்கொண்டது. வானை உயர்த்தித் தராசை நிறுவிய செய்தியைக் கூறும் அர்ரஹ்மான் அத்தியாயம், நிறுவையில் வரம்பு மீறாதிருக்கவும் எடையைக் குறைக்காதிருக்கவும் உடனடியாகவே பணிக்கிறது. தஃப்ஸீர் ஆசிரியர்களில் பலர் மீஸான் என்பதை நீதி என்றார்கள். சிலர் கடைவீதித் தராசு என்றே கொண்டார்கள். எப்படிக் கொண்டாலும் தராசுக்கு எடைக்கற்கள் வேண்டும். அறிக்கையில் தராசு இருக்கிறது, எடைக்கற்கள் இல்லை. அவற்றுள் சிலவற்றை இங்கே வைத்துப் பார்க்கலாம்.

2022இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்தது. 3 கோடியே 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள். சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டின. பாகிஸ்தானில் ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு. இந்தியாவில் இரண்டு டன் அளவு. கத்தாரில் 30 டன்னுக்கு மேல்; ஏற்றுமதிக்காக எரிவாயு எடுக்கும் தொழிலின் புகையும் அதில் அடங்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவ்வெள்ளம் வந்த ஆண்டின் நவம்பரில் எகிப்தின் ஷர்முஷ் ஷெய்க் நகரில் இழப்பு நிதியொன்றை அமைக்க உலக நாடுகள் உடன்பட்டன. மறு ஆண்டு துபாயில் அதற்கு உறுதியளிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். எல்லா நாடுகளுக்குமான அந்நிதி, ஒரு நாட்டின் ஒரு வெள்ளத்துக்கே எவ்வளவு போதும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம். 'தாராளம்' என்னும் சொல் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னோர் எடைக்கல் நம் இல்லங்களுக்கு மிக அண்மையது. 2024 ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 செல்சியஸ் அளவைத் தொட்டது. அவ்வாண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் அனுமதிச் சீட்டின்றி வந்தவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். வெயில் எல்லார் மீதும் ஒன்றுபோலவே காய்ந்தது. நிழல் எல்லார்க்கும் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை.

ஹஜ்ஜுக் காலம் பிறைக் கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முன்னே நகர்கிறது. ஆகவே இனிச் சில ஆண்டுகள் அது கோடையை விட்டு விலகிச் செல்லும். மீண்டும் வெப்பக் காலத்தை அது அடையும்போது நிலைமை என்னவாகும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2019இல் ஆராய்ந்தார்கள். 2047 முதல் 2052 வரையிலும், 2079 முதல் 2086 வரையிலும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மனித உடல் தாங்கும் எல்லையை மீறும் அபாயம் மிகுதி என்பது அவர்களின் முடிவு. இன்று ஐந்து வயதில் அலிஃப், பே ஓதும் பிள்ளைக்கு அப்போது இருபத்தேழு, முப்பது வயது நடக்கும்.

வளைகுடா என்னும் தட்டு

பிறர் தட்டில் எடைக்கல் வைப்பது எளிது. நம் தட்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு அரிது. என் தம்பி இருபது ஆண்டுகள் அங்கே உழைத்தான். எங்கள் வீட்டின் மேல் தளமும், என் தங்கையின் திருமணமும் அந்த உழைப்பில் நடந்தவை. நான் பாடம் நடத்தும் மதரஸாவின் புதிய கட்டிடமும் அவ்வாறு வந்த நன்கொடைகளால் எழுந்ததே. அச்செல்வத்தின் ஊற்று எண்ணெய். ஆதாயத்தை அனுபவிப்பவன் இழப்பையும் சுமக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் முன் நீட்டும் நான், அதனை என் வீட்டு வாசலில் மடித்து வைத்துவிட முடியாது. நம் மேடைகளில் பருவநிலையைப் பற்றிப் பேசும்போது எண்ணெய் என்னும் சொல் ஏன் வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று என் மனம் உறுத்துகிறது.

ஆனால் எதிர்த்தட்டிலும் நம் பிள்ளைகளே நிற்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெளி வேலைக்குத் தடை உண்டு. தடை தேவைப்படும் அளவுக்கு அங்கே வெயில் இருக்கிறது. அவ்வெயிலில் கட்டிடம் எழுப்புவோர் தெற்காசியாவின் ஏழை வீட்டுப் பிள்ளைகள். எண்ணெயின் ஆதாயத்தில் ஒரு துளியும், அதன் வெப்பத்தில் பெரும் பங்கும் அவர்களுக்கு. இந்த இரட்டை நிலையைப் பேச நம்மினும் தகுதியுடையோர் எவர்? அறிக்கையில் இத்தொழிலாளர் தனியே பெயர் பெறவில்லை. 'வறியோர்' என்னும் பொதுச்சொல்லுக்குள் அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

ஃபத்வாவும் பிரகடனமும்

அம்மாணவர் கேட்ட ஹுக்மு எப்படி இருக்கும் என்பதற்கு இந்தோனேசியா ஓர் உதாரணம் காட்டியிருக்கிறது. 2015இல் அந்நாட்டில் மூட்டப்பட்ட தீயில் 26 இலட்சம் ஹெக்டேர் காடும் நிலமும் எரிந்தன. புகை அண்டை நாடுகளையும் மூடியது. மறு ஆண்டு, அந்நாட்டின் உலமாப் பேரவை, தீங்கு விளையும் வகையில் காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என ஃபத்வா வழங்கியது. அழியும் நிலையிலுள்ள விலங்குகளைக் காப்பது குறித்து 2014இலேயே ஒரு ஃபத்வா வந்திருந்தது. ஃபத்வா வந்ததால் தீ முற்றாக நின்றுவிடவில்லை. 2019இலும் பெருந்தீ எரிந்தது. ஆயினும் இலக்கிய வகை என்ற முறையில் இவ்விரண்டின் வேறுபாடு நோக்கத்தக்கது. பிரகடனம் ஒரு குத்பா போன்றது, உள்ளத்தை அசைக்கும். ஃபத்வா ஒரு செயலைப் பெயர் சொல்லிச் சுட்டும். செய்பவனின் கை எதுவென்று காட்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவது வறட்சி. இரண்டாவது இல்லாமல் முதலாவது காற்றில் கரையும்.

அழைக்கப்படாதோர்

இறுதிப் பத்தியில் அறிக்கை உலக முஸ்லிம்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அரசுத் தலைவர்கள், வணிகர்கள், உலமாக்கள், பள்ளிவாசல் ஜமாஅத்துகள், வக்ஃபுகள், ஆசிரியர்கள், தொண்டர்கள், செய்தித் துறையினர் என வரிசை நீள்கிறது. குடும்பம் அவ்வரிசையில் இல்லை. தாய்மார் இல்லை. தண்ணீரை அளந்து புழங்குவதும், உடையைத் தைத்து அடுத்த பிள்ளைக்கு உடுத்துவதும், எஞ்சிய சோற்றை வீணாக்காமல் காப்பதும் எங்கே நடக்கின்றனவோ அந்த இடம் விடுபட்டுப் போயிற்று. நாயகத்தின் வாழ்விலிருந்து எடுத்த அழகிய பட்டியலில் சில வீட்டுக்குள் நிகழ்ந்தவை என்பதை நினைத்தால் இவ்விடுபாடு மேலும் உறுத்துகிறது.

இதனைத் தமிழில் பெயர்ப்போர்க்கு ஒரு வேண்டுகோள். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை ஆறும் வயலும் நிறைந்த மருத நிலமாகப் பாடினார். பாலையில் ஏது மருதம் என்று கேட்போர் உண்டு. தம் மக்கள் அறிந்த மண்ணில் நபிகளின் வரலாற்றை நடவு செய்தார் புலவர். இஸ்தான்புல் அறிக்கைக்கோ சொந்த மண் எதுவும் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழிலும் அது மண்ணின்றியே நிற்கும். பெயர்ப்போர் மூலத்தை மாற்றாமல், அதனோடு ஓர் உரையை இணைக்கட்டும். ஃபஸாதுக்கு முஜாஹிதின் விளக்கமும், கலீபாவுக்கு இப்னு கதீரின் விளக்கமும், 'தாராளம்' வரும் இடத்தில் கடனின் சட்டமும் அவ்வுரையில் அமையட்டும். நம் அரபுக் கல்லூரிகளில் மீராஸ் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், தோப்பையும் வீட்டையும் பங்கு வைக்கும் கணக்கோடு வானில் தங்கிய கடனின் கணக்கையும் மாணவர் முன் வைக்கலாம். இதற்குப் புதிய நூல் வேண்டியதில்லை. பழைய விதிகளே போதும்.

பத்தாண்டு கடந்தும் இப்பிரகடனம் வாசிக்கத்தக்கது. அதன் துணிவு நம் மேடைகளில் இன்னும் அரிது. நூற்றாண்டின் நடுப்பகுதி என அது வைத்த கெடுவை ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் ஏற்று 2050 என்றது. அதே ஆண்டு சவூதி அரபியா 2060 என்றது. கெடுவுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தொலைவைக் காலம் அளக்கும். அதுவரை அறிக்கையில் விடுபட்ட எடைக்கற்களைத் தேடியெடுத்து வைப்பது அரபும் தமிழும் கற்ற நம் போன்றோரின் வேலை. 2047இல் இஹ்ராம் உடுத்தவிருக்கும் பிள்ளைகள் இன்று நம் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் விட்டுச்செல்வது சொத்தா, கடனா என்று அவர்கள் கேட்கும் நாளில் நேர்மையாக விடை கூறும் தகுதியை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.